புறவாசலில் ஒரு நட்சத்திர மண்டலம்

“என் நட்சத்திர மண்டலத்தை வீட்டுக்காரி துடைச்சிட்டா, அண்ணாச்சி.”

சங்கரன்கோவிலில் மேலநீலிதநல்லூர் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா தன் நண்பரிடம் இப்படித்தான் ஆரம்பித்தார்.

“என்னவே சொல்லுதீரு?”

“புறவாசல்ல டெலஸ்கோப் வச்சிருக்கேம்லா? ஒரு வாரமா மங்கலா, புகை மாதிரி தெரிஞ்சுது. புது நட்சத்திர மண்டலம் கண்டுபிடிச்சிட்டேன்னு மாமனாரையே வரவழைச்சுக் காட்டினேன்.”

“பெறவு?”

“குழாயை எங்கன திருப்பினாலும் அதே புகைதான். எம்புட்டுப் பெருசுன்னு மலைச்சுப் போனேன். நேத்து அவ முந்தானையால கண்ணாடியைத் துடைச்சா, போயிட்டு! போன வாரம் லாந்தர் சிம்னியைத் தேய்க்க மாதிரி அதைத் திருநீறு போட்டுத் தேய்ச்சது நாந்தான்.”

“மாமனாருக்குத் தெரியுமா?”

“அதைச் சொல்லத்தான் இப்ப அவரு ஊருக்குப் போறேன். அவரு பாத்ததுமே கன்னத்துல போட்டுக்கிட்டாரு, அண்ணாச்சி. அது என்னன்னு சரியாப் புரிஞ்சவரு அவர் ஒருத்தர்தான்.”