ஒரு புள்ளி கீழே

கீபோர்டில் தூசி படிய விடமாட்டேன், மோசஸ் சார். நீங்களே பார்த்திருப்பீர்கள். காலையில் குளித்து, பெருமாளுக்கு விளக்கேற்றி, பால் காய்ச்சி இறக்கிய கையோடு, மிருதுளா எழுந்திருப்பதற்குள் மெல்லிய துணியால் கட்டை கட்டையாகத் துடைத்துவிடுவேன். பெற்ற பெண்ணுக்குச் செய்கிற சின்ன உபகாரம். வீடு நிற்பதே இப்படிப்பட்ட சின்னச் சின்ன அன்பால்தான் என்று நம்புகிறவள் நான்.

நேற்று நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டையை அழுத்தினீர்கள். பையிலிருந்து சுருதி பார்க்கிற இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தீர்கள். அப்புறம், "மாமி, இத்தோட சுருதிய யாரு எறக்கினது?" என்றீர்கள். மிருதுளா கடைக்குப் போயிருந்தாள். நான் காப்பி கலக்க உள்ளே போய்விட்டேன். இன்று மறுபடியும் கேட்கிறீர்கள். அவள் கோயிலிலிருந்து வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய காதைப் பற்றி என்னிடம் முதலில் வியந்து பேசியதே நீங்கள்தான். மற்றப் பிள்ளைகளுக்கு முதல் சுரத்தைக் கொடுத்தால்தான் அதிலிருந்து அளந்து மற்றவற்றைப் பிடிப்பார்களாம். இவளுக்கு அது வேண்டாம். தாளில் இருக்கிற சுரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இடம் இவள் காதில் கேட்டுவிடும். நீங்கள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற பல்கலைக்கழகம் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகள் பக்கம் இருப்பதால், கேட்கிற சத்தத்துக்கெல்லாம் இவளைச் சுரம் சொல்லச் சொல்வது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. கோவர்தன் என்கிற பையன் ஒருநாள் எங்கள் வீட்டிலேயே கேட்டான்.

"மிருது, அந்த ஸ்டீல் கம்பெனி சங்கு இன்னா சுரம்?"

"பி ஃப்ளாட். உன் வயித்துச் சத்தமும் அதேதான்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பட்டம் வாங்கினாள். வெளிநாட்டில் மேற்படிப்பு என்றாள். நீங்கள்தான் தூண்டிவிட்டீர்கள், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நுழைவுத் தேர்வில் முன்பின் பார்க்காத தாளைக் கொடுத்துப் பாடச் சொல்வார்கள், கேட்டதை எழுதச் சொல்வார்கள், இவளுக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றீர்கள். அவளுடைய அப்பா போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்தக் குளிர்தேசத்தில் யார் இவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பார்கள்?

வழியைக் காட்டியவள் அவளேதான். மார்கழிக் கோஷ்டியில் மற்றப் பெண்டுகள் முன்னால், "அம்மா, நீ எறங்கிப் பாடறே" என்றாள். நான் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து தானே சமாதானமாக, "உனக்கு எட்டலேன்னா இந்தப் பொத்தானை அழுத்தி எறக்கிக்கோம்மா, மொத்தக் கீபோர்டோட சுருதியும் சேர்ந்து எறங்கும். ஒரு புள்ளி எறக்கினா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது" என்று காட்டிக்கொடுத்தாள். அணைத்துப் போட்டாலும் வைத்த இடத்திலேயே நிற்கும் என்றாள்.

தேர்வுக்காக அவள் வீட்டோடு உட்கார்ந்து பழகிய அந்த வருஷம் முழுவதும், துடைக்கும்போது அவ்வப்போது ஒரு புள்ளி இறக்கினேன். அவள் சொன்னது சரிதான். அவளுக்கே தெரியவில்லை. காதும் கூடவே இறங்கியது. தெரிந்ததெல்லாம் வெளியில்தான். ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து வந்து, "அம்மா, ரயில் ஹார்ன் எல்லாம் ஏறிடுத்தும்மா" என்றாள். செல்போனில் பாட்டுக் கேட்டாலும் ஏறிப்போய்க் கேட்கிறது என்றாள். "அலைச்சல்டி கண்ணா, கொஞ்சம் படுத்துக்கோ" என்று தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன்.

தேர்வு அன்றைக்கு நடந்ததை நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். "குடுத்த தாளக் கையில வச்சிகினு நிக்குது மாமி. அவங்க மொத சுரம் குடுக்கறாங்கோ, இது 'பியானோ தப்பு'ன்னுது. பாடவே இல்ல." பார்க்கிற சுரம் ஓரிடத்தில், பியானோ வேறிடத்தில். அளந்து பாட அவள் பழகியதே இல்லையே. இடம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் காதை அவள் நம்புவதில்லை. குக்கர் விசில் வந்ததா என்று என்னைக் கேட்கிறாள். வாசலில் மணி அடித்ததா என்று கேட்கிறாள். நான் சொன்னால் ஒப்புக்கொள்கிறாள். கோஷ்டியில் என் குரலைக் கேட்டு, அதன் பின்னாலேயே மெதுவாகப் பாடுகிறாள். எத்தனை அடக்கம் வந்திருக்கிறது தெரியுமா.

வருத்தம் உண்டா என்றுதானே பார்க்கிறீர்கள். இல்லை. பெருமாள் முன்னால் நின்று கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். நான் கை ஓங்கவில்லை, கதவைப் பூட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இதைவிட மிருதுவாக ஒரு பெண்ணை வீட்டில் நிறுத்த முடியுமானால் சொல்லுங்கள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அவள் திரும்பி என்னைத்தான் கேட்பாள், நிஜமாம்மா என்று.

நேற்று நீங்கள் கீபோர்டைச் சரியான இடத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போனீர்கள். அவள் வந்து உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினாள். உடனே காதைப் பொத்திக்கொண்டாள். "இதுவும் மாறிடுத்தா? இல்ல, என் காதுதானாம்மா?"

"உன் காதுதான்டி கண்ணா" என்றேன். மடியில் தலையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். எனக்கே தாங்கவில்லை.

அதனால்தான் இன்று காலை துடைக்கும்போது பழைய இடத்துக்கே இறக்கிவைத்தேன். குழந்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, இன்னும் ஒரு புள்ளி சேர்த்தே.