ரெண்டரை அண்ணனும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

இல்லை, ஒரு நாள் தவறியது.

எனக்கு முன்னால் பேசிய நால்வரும் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றீர்கள். பின்னால் தொங்கும் துணியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. முப்பது ஆண்டுகள். பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு நாட்கள். அவற்றில் ஒன்று தவறியது. ஒரு செவ்வாய்க்கிழமை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

தலைமை ஏற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவர் மகளே, உடன் பணிபுரிபவர்களே, இடமில்லாமல் ஜன்னலோரம் நிற்கும் முதலாண்டு மாணவர்களே, வணக்கம். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் யாருக்கு அஞ்சலி செலுத்துகிறோமோ அவர், பணிப்பதிவேட்டில் புவியியல் துறையின் ஆய்வக உதவியாளர். நமக்கு ரெண்டரை அண்ணன்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாதவர் இங்கே யாராவது உண்டா? இருந்தால் அவர் நம் வானிலைத் திடலில் புல் வெட்டாதவர். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் புதிய மாணவர்களை வெள்ளைக் கூண்டின் முன்னால் நிறுத்துவார். ஒரு நாளில் எப்போது மிகவும் சூடு என்று கேட்பார். சூரியன் உச்சியில் இருக்கும்போது, பன்னிரண்டு மணிக்கு, என்று எல்லாக் கைகளும் உயரும். பந்தயமா என்பார். தோற்றவர்கள் திடலின் புல்லை வெட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கூண்டைத் திறந்து வெப்பமானியைக் காட்டுவார். மூடுவார். இரண்டரைக்கு மறுபடி திறப்பார். மூன்று டிகிரி கூடியிருக்கும்.

மேகம் இருந்தால் பந்தயம் கிடையாது. அதில் மிகவும் கவனமாக இருந்தார்.

"பன்னெண்டு மணிக்குத் தீ நல்லா எரியுது. அதுக்காகச் சட்டி அப்பவே கொதிச்சிடுமா?"

அவ்வளவுதான் அவருடைய பாடம். சூரிய ஒளி முதலில் நிலத்தைச் சூடாக்குகிறது, நிலம்தான் காற்றைச் சூடாக்குகிறது. வருகிற ஆற்றல் திரும்பிப் போகிற ஆற்றலைவிட அதிகமாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக வெகுநேரம் ஆகும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வகுப்பும் இரண்டு படங்களும் வேண்டும். அவருக்கு ஒரு சட்டி போதும்.

துறைத்தலைவர் அவர்களே, நீங்கள் மாணவராக இருந்த ஆண்டில் வெட்டிய இடத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். மழைமானிக்குப் பக்கத்தில். கொஞ்சம் கோணலாக வெட்டினீர்களாம்.

நம் பாடநூலில் ஒரு படம் உண்டு. காற்று, நீர், நிலம், உயிர் என்று நான்கு வட்டங்கள், நடுவே அம்புக்குறிகள். அந்தப் படத்தைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். நாலு பேரும் நாலு வீட்டில் இருக்கிற மாதிரி வரைந்திருக்கிறார்கள், இங்கே வந்து பார்த்தால் ஒரே கூட்டுக்குடித்தனம் என்பார். திடலில் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கிறது. வெயிலைக் குவித்து, பின்னாலுள்ள அட்டையில் ஒரு கோடாகச் சுட்டுவிடும். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் அன்று வெயில். தினமும் சூரியன் மறைந்ததும் அட்டையை மாற்ற வேண்டும். உருண்டையின்மேல் விடியற்காலையில் பனித்துளி படியும். துடைப்பார். மண்ணுக்குள் போகும் வெப்பமானிக் குழாயில் எறும்பு கூடு கட்டும். எடுப்பார். ஒருநாள் குறிப்புக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தார்: '9.40 முதல் 10.10 வரை வெயில் பதிவு இல்லை. காரணம் பறவை.' உருண்டையின் மேல் அது செய்துவிட்டுப் போனதை அதைவிடக் கண்ணியமாக எழுத முடியுமா?

பதிவேட்டில் அவர் அனுமதித்தது ஒன்றே ஒன்று. கண்ணால் பார்த்தது. கல்லூரி முதல்வரே வந்து, இன்றைக்கு நாற்பதைத் தொட்டிருக்கும் என்று சொன்னாலும் அதே கேள்விதான்.

"பாத்ததா, நெனச்சதா?"

இனி என் செவ்வாய்க்கிழமை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. மூன்று நாள் விடுப்பு. கடைசியாக மருத்துவமனையில் சேரும்வரை அவர் எடுத்த மிக நீண்ட விடுப்பு அதுதான். திடலை என்னிடம் ஒப்படைத்தார். நான் வேலையில் சேர்ந்து ஏழு மாதம், நிரந்தரமாகவில்லை. திங்கட்கிழமை எல்லாம் சரியாகச் செய்தேன். செவ்வாய்க்கிழமை மறந்துவிட்டேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி என்ன தெரியுமா? 'புவியின் வெப்பச் சமநிலையை விளக்குக.' ஐம்பத்திரண்டு பேர் விளக்கியிருந்தார்கள். கடைசித் தாளை மூடியபோது இருட்டிவிட்டது. அப்போதும் எனக்குத் திடல் நினைவுக்கு வரவில்லை.

புதன்கிழமை மாலை போனேன். பழைய அட்டை அப்படியே இருந்தது. பதிவேட்டில் செவ்வாயின் கட்டம் வெறுமையாக இருந்தது. திங்கட்கிழமை 31.6. புதன்கிழமை 31.2. நடுவில் 31.4 என்று எழுதினேன். மழைக் கட்டத்தில் சைபர். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று அன்று காலைதான் முதலாண்டுக்கு நடத்தியிருந்தேன். மாலையில் ஒரு நாளின் சூட்டை நானே ஆக்கினேன்.

வியாழக்கிழமை அவர் ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். அட்டைகளை எண்ணினார்.

"செவ்வாக்கிழமை அட்டை எங்க மேடம்?"

"மழையில நனைஞ்சு கிழிஞ்சிடுச்சுண்ணே."

பதிவேட்டைத் திருப்பினார். மழைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இங்க சைபர் போட்டிருக்கீங்களே."

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. புதன்கிழமை அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுட்ட கோடு வழக்கத்தைவிட இருமடங்கு அகலம். சில இடங்களில் அட்டை அறுந்தே போயிருந்தது.

"இது ஒரு நாள் வெயில் இல்ல மேடம். ரெண்டு நாள்."

கோபப்படவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து என் பக்கம் வைத்தார். நீங்களே அடித்துவிடுங்களேன் என்று கேட்டேன்.

"எழுதுன கைதான் அடிக்கணும். நான் அடிச்சா அது இன்னொரு தப்பு."

நாளைக்குச் செய்கிறேன் என்றேன். அவர் ஒரு துண்டுத் தாளைக் கிழித்து அந்தப் பக்கத்தில் வைத்தார். பதிவேட்டை மூடினார்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. ஏன் அடிக்கவில்லை? முதலில் வேலைக்குப் பயந்தேன். வேலை நிரந்தரமான பிறகு அவருக்குப் பயந்தேன். பிறகு பயமும் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். அந்தப் பதிவேட்டின் எண்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். அதற்குப் பரிசும் கிடைத்தது. அவர் வந்து கைதட்டினார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. துண்டுத் தாள் மட்டும் பதிவேட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டே இருந்தது.

அவரை மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டார். முப்பத்து மூன்று புள்ளி எட்டு என்றேன்.

"பாத்ததா?"

"பாத்ததுண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். அது உண்மையான எண். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு உண்மையான எண் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அது போதுமா?

முப்பது ஆண்டுப் பதிவு இருந்தால்தான் ஓர் இடத்துக்குச் சராசரி என்று ஒன்று உண்டு. அதுவரை இருப்பது வெறும் நேற்றும் இன்றும். அந்த முப்பது ஆண்டு சென்ற வாரம் நிறைந்தது. நாளைக் காலை பதிவேடுகள் தலைமை ஆவணக் காப்பகத்துக்குப் போகின்றன. அந்த ஒரு நாளை அடித்தாலும் விட்டாலும் சராசரி மாறாது. கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றாவது தசமத்தில்கூட மாறாது. அப்படியானால் எதற்கு இந்தப் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். திடலின் வாசலில் அவர் பெயரோடு ஒரு கல் வைக்கப் போகிறோம். 'ஒரு நாளும் தவறாதவர்' என்று அதில் வெட்டப் போகிறோம். அவர் ஒரு நாளும் பொய்யான எண்ணை ஏற்காதவர். நாம் கல்லிலேயே ஒன்றை வெட்டி அவர் தலைமாட்டில் வைப்பதா?

நேற்று அண்ணி வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் இதைச் சொன்னால் அவர் பெயருக்குக் குறை வருமோ என்று கேட்கத்தான் போனேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"அந்தச் செவ்வாக்கிழமையாம்மா? எனக்குத் தெரியுமே. எப்பத்தான் அடிப்பாளாம்னு நானும் கேட்டுட்டே இருப்பேன். அடிப்பா, அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டரை ஆகலன்னு சொல்வாரு."

நான்கு ஆண்டுகள். தீ எப்போது பற்றியது என்று அவருக்குத் தெரியும். சட்டி எப்போது கொதிக்கும் என்று காத்திருந்தார்.

மண்ணுக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறோம். மேலே கோடை உச்சிக்குப் போய் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் அங்கே உச்சம் வரும். அவர் போய்ப் பன்னிரண்டு நாள். நான் இன்னும் அழவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசினால் பார்த்ததா நினைத்ததா என்பார். நினைத்ததுதான். விட்டுவிடுகிறேன்.

துறைத்தலைவர் அவர்களே, கல்லில் அவர் பெயரையும் இரண்டு தேதிகளையும் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடும்படி இதழுக்கு எழுதிவிட்டேன். பரிசைப் பற்றி அவர்கள் முடிவு செய்யட்டும். முதலாண்டு மாணவர்களே, நாளை பன்னிரண்டு மணிக்குக் கூண்டின் முன்னால் வந்து நில்லுங்கள். பதில் உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, அதனால் பந்தயம் இல்லை. புல்லை எல்லோரும் சேர்ந்து வெட்டுவோம். இனி ஒவ்வொரு நாளும் பார்ப்போம். பார்க்காத நாளில் பார்க்கவில்லை என்று எழுதுவோம். அவருடைய வேலையை இப்படித்தான் தொடர முடியும்; எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நன்றியுரைக்கு என்னால் இருக்க முடியாது. இன்னும் கால் மணி நேரத்தில் சூரியன் மறைந்துவிடும்.

பேசி முடித்ததும் அந்த ஆசிரியை மேடையிலிருந்து இறங்கி ஆய்வகத்துக்குப் போனார். துண்டுத் தாள் இருந்த பக்கத்தைத் திறந்து 31.4ஐச் சிவப்பில் அடித்தார். 'பார்க்கவில்லை' என்று எழுதி, கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டார். பிறகு திடலுக்குப் போய் அட்டையை மாற்றினார்.