எங்கள் கடலில் நான் இழுத்த மடி

ரோப்பை வெட்டச் சொல்லிக் காளிதாஸ் அண்ணன் கத்துகிறார். செல்வம் கோடாலியை எடுக்கிறான். முதல் வெட்டு மரத்தில் விழுகிறது. இரண்டாவது ரோப்பில். அறுந்த ரோப்பு தண்ணீரில் பளீரென்று அடித்துவிட்டு உள்ளே போகிறது. அதோடு மடி வலையும் போயிற்று. விசைப்படகு ஒருமுறை குலுங்கி இலேசாகிறது.

ஞாயிற்றுக்கிழமை. மாசி மாதம். விடிகிற நேரம். காற்று இல்லை. வடக்கிலிருந்து இலங்கைக் கடற்படையின் சாம்பல் நிற ரோந்துப் படகு வருகிறது. எங்கள் எஞ்சின் தடதடவென்று அடிக்கும். அதன் எஞ்சின் அப்படியில்லை. ஒரே இரைச்சல். கலைந்த தேன்கூடு மாதிரி. அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் தப்பிக்க நேரமில்லை.

ஒரு வெடி. இன்னொன்று. வானத்தைப் பார்த்துச் சுட்டார்களா எங்களைப் பார்த்தா, தெரியவில்லை. செல்வமும் மீரானும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் படுத்துவிட்டார்கள். நான் படுக்கவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பனைகள் தெரிகின்றன. மாதா கோயிலின் வெள்ளைச் சுவர் தெரிகிறது. அது நான் ஞானஸ்நானம் பெற்ற கோயில்.

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே ஒரு தீவு. அதன் பெயரை எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. அங்கே என் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய வருடம். ஆவணி. எனக்குப் பன்னிரண்டு வயது. காலையில் ஷெல் விழத் தொடங்கியது. எந்தப் பக்கத்து ஷெல் என்று கேட்காதீர்கள். கூவிக்கொண்டு வரும். கூவல் நின்றால் விழப்போகிறது. ஊர் முழுக்கக் கரைக்கு ஓடியது. அப்பாவின் வள்ளம் தயாராக நின்றது. தங்கச்சி ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். முழங்கால் தண்ணீரில் அவள் கை தளர்ந்தது. தடுக்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா தூக்கி வள்ளத்தில் கிடத்தினார். அம்மா மடியில் வாங்கியபோது உயிர் இல்லை. அம்மா விடவில்லை. மாமாதான் பிள்ளையை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவர் கரையில் நின்றுவிட்டார். நாங்கள் போய்விட்டோம்.

இந்தியக் கரையில் வள்ளத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது திரும்பி வரவில்லை. எங்களை லாரியில் ஏற்றிப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். திருமயம் தாண்டி அகதி முகாம். செம்மண், கருவேலம், கல்குவாரி. கடல் எந்தப் பக்கம் என்று அப்பா முதல் நாளே கேட்டார். கிழக்கே, அறந்தாங்கி தாண்டிப் போக வேண்டும் என்றார்கள். அதன்பின் அவர் கேட்கவில்லை. குவாரியில் கல் உடைத்தார். இருமினார். செத்தார்.

நான் பெயிண்ட் அடிக்கப் போனேன். முகாம் ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. அரிமளத்தில் பெரிய பெரிய வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணத்துக்கு வரும்போது சுவர் புதிதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தபோது ஜெகதாப்பட்டினத்தில் ஒரு விசைப்படகுக்கு வர்ணம் அடிக்கக் கூப்பிட்டார்கள். அங்கேதான் காளிதாஸ் அண்ணனைப் பார்த்தேன். படகின் டிரைவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் அவர்களுடைய கிழிந்த மடியை நான் தைத்துப் பொத்திக்கொண்டிருந்தேன். அவர் நின்று பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

முகாம் ஆள் கடலுக்குப் போகக் கூடாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மனைவி ரோஸிக்கும் தெரியும். அவளும் முகாமில் வளர்ந்தவள். அவள் வேண்டாம் என்றாள். நான் போனேன். பெயிண்ட் வேலை மழைக்காலத்தில் கிடையாது. அது மட்டும் காரணமில்லை. தண்ணீர் மேல் நின்று பல வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"அங்கிட்டு மாட்டுனா நீ வாயவே தெறக்கக் கூடாது. ஒம் பேச்சே ஒன்னக் காட்டிக் குடுத்துரும்."

ஏன் அங்கிட்டுப் போக வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். அவருடைய அப்பா பாய் விரித்த வத்தைப் படகில் போனவர். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே மீன் கிடைத்த காலம். பிறகு எஞ்சின் வந்தது. மடி வந்தது. இறாலுக்குக் கம்பெனி லாரிகள் கரைக்கே வந்து நின்றன. ஆளாளுக்கு விசைப்படகு வாங்கினார்கள். அடிமண்ணைச் சுரண்டிச் சுரண்டி இந்தப் பக்கம் ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே மடி இறக்கினால் சேறுதான் ஏறுகிறது என்றார். போர் நடந்த காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்களைக் கடலில் இறங்க விடவில்லை. மீன் மண்டிக் கிடந்தது. இவர்கள் போய் வாரினார்கள். போர் முடிந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் நிவாரண வலைகளோடு கடலுக்குத் திரும்பினார்கள். இவர்கள் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வது என்று இவர்களுக்குத் தெரியவில்லை.

எங்கே பாறை, எங்கே மணல் என்று எனக்குத் தெரியும். அப்பா காட்டிய கடல். நான் சொன்ன இடத்தில் மடி கிழியவில்லை.

அந்த ஞாயிறு. ரோந்துப் படகு வருவதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு ஃபைபர் படகு எங்களிடம் வந்தது. இரண்டு பேர். ஒரு பெரியவர், ஒரு இளைஞன். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் கடலுக்கு வர மாட்டார்கள். பூசை உண்டு. சனிக்கிழமை இரவு விசைப்படகுகள் வரும் என்று தெரிந்து, போட்ட வலையைக் காப்பாற்ற வந்திருக்கிறார்கள். காப்பாற்ற ஒன்றுமில்லை. அவர்களுடைய நண்டு வலை எங்கள் மடியின் வாயை விரிக்கும் பலகையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. பெரியவர் எழுந்து நின்றார். கையில் ஒரு முழம் கிழிந்த வலை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தம்பிமார், எங்கட வலை முழுக்கப் போச்சு. நாங்கள் இனி என்னத்த வைச்சுத் தொழில் செய்யிறது?"

அப்பாவின் பேச்சு. அதே இழுவை. நான் ஒரு அடி முன்னே வைத்தேன். காளிதாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். பேசாதே என்று பார்வை. பிறகு அவரே இறங்கிப் பலகையிலிருந்து அந்த வலையைப் பிரிக்கச் சொன்னார். மீரான் பிரிக்கத் தொடங்கினான். கொஞ்சம்தான் பிரிந்தது. வடக்கே தேன்கூடு கலைந்தது.

மடியை வெட்டிய பிறகு நடந்தது இதுதான். அண்ணன் வீலை முழுக்க ஒடித்தார். படகு மேற்கே திரும்பியது. ஃபைபர் படகு எங்கள் படகின் முன்பக்கம், அணியத்துக்கு நேரே கிடந்தது. அவர்களுடைய எஞ்சினில் வலை சுற்றிக்கொண்டது. இளைஞன் கயிற்றை இழுக்கிறான், இழுக்கிறான். எஞ்சின் பிடிக்கவில்லை. வீல் நிற்கும் இடத்திலிருந்து முன்பக்கம் தண்ணீர் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

"விலத்துங்கோ! அண்ணை, விலத்துங்கோ!"

என் வாயிலிருந்து வந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் அப்படிச் சத்தமாகப் பேசியதில்லை. பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பேச்சு இந்தப் படகிலிருந்து எப்படி வருகிறது என்று திகைத்த முகம். பிறகு சத்தம். பெரிய சத்தமில்லை. ஓலைப்பெட்டியை மிதித்தால் வருமே, அது. எங்கள் படகு அவர்கள் மேல் ஏறி இறங்கியது.

நான் குதித்தேன்.

தண்ணீரில் பெட்ரோல் வாடை. உடைந்த ஃபைபர் துண்டுகள். வலை. இளைஞன் வலைக்குள் கிடந்தான். தலையிலிருந்து ரத்தம். சட்டைக் காலரைப் பிடித்தேன். இழுத்தேன். இன்னொரு கையால் பெரியவரைத் துழாவினேன். வலைதான் கையில் வந்தது. மறுபடியும் முங்கினேன். வலைதான்.

தலையைத் தூக்கியபோது எங்கள் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. காளிதாஸ் அண்ணன் எஞ்சினை அணைத்திருந்தார். படகு நின்றுகொண்டிருந்தது. அவர் கையைத் தூக்கிக்கொண்டு மேல்தட்டில் நின்றார். ரோந்துப் படகு பக்கத்தில் வந்து அணைந்தது.

நால்வரையும் ஏற்றினார்கள். இளைஞனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியவரைப் பகல் முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

விசாரணையில் நான் வாய் திறக்கவில்லை. கடல் தண்ணீர் குடித்துத் தொண்டை கட்டிவிட்டது என்று அண்ணன் சொன்னார். இவன் செல்வத்தின் அத்தை மகன் என்றார். செல்வம் தலையாட்டினான். மொழிபெயர்க்க வந்தவர் தமிழர். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணன் சொன்னதையே எழுதிக்கொண்டு போனார்.

சிறையில் எனக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்தார்கள். செல்வம் ஒரு பக்கம், மீரான் ஒரு பக்கம். இஞ்ச இல்லை, இங்கிட்டு. வாறன் இல்லை, வாரேன். எண்டு என்று சொன்னால் மீரான் தொடையில் ஒரு அடி போடுவான். முதலில் அவனே சிரித்தான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பிடிபட்டால் அவர்கள் இந்தியர்கள். ஒருநாள் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் யார்? பிறந்த நாட்டில் என்னை நிறுத்திவிட்டால் ரோஸியும் மகளும் அந்தக் கரையில். அவர்களைக் கூப்பிட வழியில்லை. நான் போகவும் வழியில்லை.

கோர்ட்டுக்கு அந்த இளைஞன் வந்தான். தலையில் கட்டு. பெயர் அருள். பெரியவர் அவனுடைய அப்பா. பெயர் சூசையப்பு. அங்கேதான் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டேன். அவனுக்கு எல்லாம் தெரியும். நான் கத்தியதைக் கேட்டவன். ஒரு வார்த்தை போதும்.

இவர்களில் யார் குதித்தது என்று கேட்டார்கள். என்னைக் காட்டினான். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். இல்லை என்றான்.

வெளியே வராந்தாவில் எங்களை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவன் என்னைக் கடந்து போனான். நின்றான். முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னான்.

"நீங்கள் எங்கட ஆள் எண்டு எனக்குத் தெரியும். அப்பாவின்ர உடம்பு இன்னும் கிடைக்கேல்லை."

 எந்தப் பேச்சில் பதில் சொல்வது?

வீலைப் பிடித்தது தான் ஒருவன்தான், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று காளிதாஸ் அண்ணன் சொன்னார். எங்கள் மூவரையும் இந்தியர்கள் என்றே விட்டார்கள். அவருக்குத் தண்டனை. கிளம்பும் நாளில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

"நீ குதிச்ச. நா நிறுத்துனேன். அம்புட்டுதேன். வீட்டுல போய்ப் புள்ளயப் பாரு."

முகாமில் என் பெயரை வெட்டியிருந்தார்கள். கணக்கெடுப்புக்கு ஆள் இல்லையென்றால் வெட்டிவிடுவார்கள். ரோஸி ஆபீஸ் ஆபீஸாக நடந்து மறுபடியும் சேர்த்தாள். என்னைத் திட்டவில்லை.  பிறகு ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள்.

"இனிக் கடலுக்குப் போறதெண்டா என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. மூண்டு பேரும் அங்கயே கிடப்பம்."

நான் போகவில்லை. வல்லத்திராக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் அடிக்கிறேன். ஜெகதாப்பட்டினத்திலிருந்து படகுகள் இன்னும் போகின்றன. அந்தக் கரையில் வலைகள் இன்னும் அறுகின்றன.

போனவர்களையும் போனவற்றையும் எழுதி வைக்கிறேன்.

ஸ்டெல்லா. ஏழு வயது. மாமா புதைத்தார். மாமாவும் போரில் போனார். குழி எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

அப்பாவின் வள்ளம். அப்பா.

அம்மா. ஸ்டெல்லாவை விட்ட நாளுக்குப் பிறகு அவர் பெரிதாகப் பேசவில்லை. போன வருடம் முகாமில் இறந்தார்.

சூசையப்பு. அவருடைய படகு. எஞ்சின். வலைகள் எல்லாம். உடல் கரைக்கு வரவில்லை.

காளிதாஸ் அண்ணன் ஓட்டிய விசைப்படகு. பிடித்த படகுகளோடு அதையும் நிறுத்தியிருக்கிறார்கள். பாதி மணலுக்குள் போய்விட்டதாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

காளிதாஸ் அண்ணன் சிறையில் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். இந்தக் கணக்கில் அவரைச் சேர்க்கவில்லை.