மணம் போன கடலடிப் பாறை

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் கருவாட்டு மணம் மூக்கைத் துளைத்தது. ஜன்னலும் இறுகிக் கிடந்தது. எரிச்சலோடு அதை இழுத்துக்கொண்டிருந்தபோது, முன்சீட்டில் மடியில் பொதியோடு இருந்த இளம்பெண், பக்கத்து அம்மாவிடம் சொன்னது கேட்டது.

"என்ர மனுசன் கடலடியில நிண்டுதான் வேலை செய்யிறார். ஆனா அது மலை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"ஓமானிலையம்மா. கல் ஆராயிறவைக்கு ஜீப் ஓடுறார். அந்த மலை முந்திக் கடலுக்கு அடியில கிடந்த பாறையாம்."

"கடல் வத்திப் போச்சோ?"

"இல்லையாம். கடலடிப் பாறை சரியான பாரமாம். அது நகர்ந்து வந்து தரையோட முட்டினால், தரைக்குக் கீழதான் போகுமாம். அங்க ஒரு பெரிய துண்டு மட்டும் கீழ போகாமல் தரைக்கு மேல ஏறிட்டுதாம். நகம் வளருற வேகத்தில, மெல்ல மெல்ல."

"அப்ப கடல்காரருக்கு அங்க நல்லா இருக்குமே."

"எங்கையம்மா! கொக்கிளாயில வலை வீசின மனுசன். இதைக் கேட்ட அண்டைக்கே பாறையில மூக்கை வைச்சு மணந்து பாத்தவராம். ஒரு மணமும் இல்லையாம். ஃபோனில அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னவர்."

அந்த அம்மா பொதியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கருவாடு அவருக்கோ?"

"ஓம். வவுனியா நெளுக்குளத்தில ஒருத்தர் நாளைக்கு ஓமானுக்குப் போறார். அவர்தான் மணக்காமல் நாலு பை போட்டுக் கட்டித் தரச் சொன்னவர்."

"நீ கட்டேல்லைப் போல கிடக்கு."

"நாலும் போட்டனான் அம்மா. பேந்து மூண்டைக் கழட்டிப்போட்டன்."