வாசலில் கழற்றிய காலணி

கதவடைத்த துயரங்களுக்குக் காது கொடுத்தவரே! சொல்லக் கூசிய சொற்களைச் சுமந்தும் முகம் சுளிக்காத சீர்மையரே! சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் இந்த இரண்டாம் மாடியில் இருபத்தொன்பது ஆண்டுகள் மனநோய்க்கு மருந்தாய் அமர்ந்திருந்த எங்கள் மருத்துவர் யோகம் அம்மையீர்! வணங்குகிறோம்.

பணி ஓய்வு பெறும் தங்களுக்குப் பட்டங்கள் பல சூட்டலாம். ஒருவர் கதையைச் சொன்னாலே போதும் என்றார்கள் எல்லாரும். அது, இம்மடலை எழுதும் துப்புரவுப் பணியாளர் சேதுபதியின் கதை. இங்கே பேசியது வாசல் தாண்டக்கூடாது என்பது தங்கள் சட்டம். ஆனால் இது அவருடைய இரகசியம், அவரே அவிழ்க்கிறார். அவர் மனைவி தங்கமும், "சொல்லுங்க, நாம என்ன திருடுனோமா?" என்று சொல்லிவிட்டார்.

வானளாவிய கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்தவர் சேதுபதி. ஒரு நாள் தொங்குமேடை ஒரு பக்கம் சாய்ந்தது. இருபதாம் மாடி உயரத்தில் ஒன்றரை மணி நேரம் கயிற்றைப் பிடித்தபடி கிடந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆயினும் அன்று முதல் மனைவியின் அருகே போனாலே மார்பு படபடக்கும், உடம்பு கைவிடும். மலேசிய எல்லைக்குள் இருக்கும் ஜோகூர் வீட்டில் கூடத்துப் பாயே அவர் படுக்கையாயிற்று. மூன்று ஆண்டுகள்! லேகியம் தின்றார், தாயத்து கட்டினார். "வேற யாராச்சும் இருந்தா சொல்லிடுங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுறேன்" என்று தங்கம் கேட்ட மறுநாள், எல்லைப் பாலம் தாண்டித் தங்களிடம் வந்தார்.

அன்று அவருக்கு எழுத்து தெரியாது. படிவத்தின் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டுக் கொடுத்தார், கர்ப்பமா என்று கேட்ட இடத்திலும்! தாங்கள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தி, ஒவ்வொரு கேள்வியாய்த் தாழ்ந்த குரலில் படித்துக் காட்டினீர்கள்.

பிறகு, பயந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழக்கிக் கொடுக்க வந்தது மெய்நிகர் கண்ணாடி. கண்ணில் மாட்டினால் இல்லாத அறை இருப்பதாய்த் தெரியும். கடலைப் பார்த்த ஜன்னல், வெள்ளை விரிப்பு, பெரிய கட்டில். சேதுபதி ஓர் அடி வைத்தார்; நின்றார்; குனிந்து காலணியைக் கழற்றத் தொடங்கினார்.

கருவியை இயக்கும் முகம்மது யூசுப் சிரித்துவிட்டார். "அண்ணே, அது நெசமான ரூம் இல்லலா!"

"இருந்தாலும் படுக்கிற அறைலா தம்பி. பூட்ஸோட எப்படிப் போறது?"

தாங்களும் தங்கள் காலணியைக் கழற்றிவிட்டுச் சொன்னீர்கள்: "சிரிக்காதீங்க யூசுப். அவர் வாசல் வரைக்கும் வந்துட்டார். நாமதான் தப்பான வீட்டைக் காட்டிட்டோம்."

அடுத்த மாதம் அந்தக் கண்ணாடிக்குள் அவர் வீட்டில் உள்ளபடியே தாழ்ந்த கூரையும், சத்தமிடும் மின்விசிறியும், கதவாணியில் தொங்கும் சேலையும் வந்தன. முதல் வாரம் வாசலில் நின்று மூச்சை எண்ணினார். அடுத்த வாரம் கட்டில் ஓரத்தில் அமர்ந்தார். "இன்னிக்குப் பரீட்சை எதுவும் இல்ல சேது, சும்மா உட்காருங்க" என்பதே ஒவ்வொரு முறையும் தாங்கள் தந்த மருந்து. ஐந்தாம் வாரம் தங்கமும் மாட்டிப் பார்த்தார்.

"ஐயோ, இங்க யாரு துணி மடிக்கிறது? நம்ம வீட்ட விட சுத்தமா இருக்கே!"

மூன்று ஆண்டுகளுக்குப் பின் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். சிரிப்பு அடங்கும்போது அவர் கை தங்கத்தின் கைக்குள் இருந்தது. மார்பு படபடக்கவில்லை.

குணமான சேதுபதி இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அதே மெய்நிகர் கண்ணாடிகளைத் துடைக்கிறார். ஞாயிறு வகுப்பில் எழுத்தும் கற்றார். தங்கள் அறை வாசலில் நாங்கள் அனைவரும் காலணி கழற்றுவது அவரால் வந்த வழக்கம். தாங்கள் போன பின்னும் அது நிற்கும்.

நலம் பெருக, நெஞ்சம் நிறைய, நூறாண்டு தாண்டியும் தாங்கள் நடமாட வேண்டும் அம்மையீர்! ஒரு நாள் பாலம் தாண்டி, சேதுபதி வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். தாங்கள் அமர விரிப்பதற்குக் கூடத்துப் பாய் காத்திருக்கிறது. அதற்கு இப்போது வேறு வேலை இல்லை.

என்றும் தங்கள் அன்பில்,
மனநல மருத்துவமனைப் பணியாளர் அனைவரும்
எழுத்து: சேதுபதி