சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர்

"ஹலோ... கோபாலசாமி அண்ணாங்களா?... நஞ்சப்பன் பேசறனுங்ணா. சுகர் லேண்டு நஞ்சப்பன்... ஆமாங், ஆமாங்... தேங்க்ஸுங்ணா... இல்லீங், அந்த வெசயமாத்தான் போன் பண்ணுனேன். நேத்து நீங்க போட்டீங்கல்ல, என்ற போட்டோ... ஆமாங், அதேதானுங்... எத்தனை பேரு?... முந்நூறு பேரு லைக் போட்டிருக்காங்களா? அய்யய்யோ... இல்லீங்ணா, சந்தோசந்தானுங். சந்தோசத்துல வந்த அய்யய்யோங் அது."

சந்தோஷத்தில் வந்தது அல்ல. இந்தியக் கடை வாசலில் காரை நிறுத்தி, நாலு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார் நஞ்சப்பன். மகள் ஓவியா இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் வாங்க உள்ளே போயிருந்தாள். அவள் வருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். வீட்டில் வைத்துப் பேசியிருக்கலாம், ஆனால் மனைவி சாந்தாமணிக்குக் காது கூர்மை.

கோபாலசாமி, அமெரிக்காவில் ஹூஸ்டனையும் அதை ஒட்டிய சுகர் லேண்டையும் சேர்ந்த தமிழர்களுக்கு வாராவாரம் நாலு கேள்வி அனுப்புகிற மனிதர். ரிடையர் ஆன பிறகு அவர் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை அது. வருகிற பதில்களில் ஒருவருடையதை எடுத்து, படத்தோடு வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் போடுவார். இந்த வாரக் கேள்விகள் இவை: தேர்தலில் ஓட்டுப் போட்டாயிற்றா? ஆசை இருந்தும் வேண்டாம் என்று விட்டது எது? கனவு வேலை என்ன? ஹாலோவீன் எப்படிப் போனது? நாலுக்கும் பதில் எழுதிய நஞ்சப்பன், சட்டையில், வாக்குச்சாவடியில் தருகிற 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரோடு சிரித்தபடி ஒரு படமும் எடுத்து அனுப்பியிருந்தார். பதினெட்டு வருஷமாக இது என் நாடு, தேர்தல் நாளுக்கு முன்னாலேயே முதல் ஆளாகப் போய்க் கடமையைச் செய்துவிட்டு வந்தேன் என்று ஒரே முழக்கம். கோபாலசாமி படித்துப் பூரித்துப்போய் அதையே போட்டுவிட்டார்.

நஞ்சப்பனுக்கு இந்த நாட்டில் ஓட்டே கிடையாது. அவரிடம் இருப்பது நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு மட்டும்தான். சிட்டிசன் ஆவதற்கான இன்டர்வியூ வருகிற வியாழக்கிழமைதான்.

"அதை எடுத்துரலாமுங்களா?... ஏன்னாங்... சட்டை நல்லால்லீங்ணா. காலர் ஒரு பக்கமா மடிஞ்சு... இல்லீங், சாந்தாமணிதான் சொல்றா. கண்ணு பட்டுருமாமுங். முந்நூறு பேரு கண்ணுன்னா சும்மாங்களா?... சுத்திப் போட்டு ஒடைக்கறதுங்களா? ஆமாங், பூசணிக்காய்க்கு இந்த மாசம் பஞ்சமே இல்லீங். வாசலுக்கு வாசல் கெடக்குது... ஹஹ்ஹா... ஆமாங், ஆமாங்..."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். ஹாலோவீனுக்காக ஊரே பூசணிக்காயை வாசலில் வைத்து அழகு பார்க்கும் மாதத்தில், நஞ்சப்பன் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கை பக்கத்து சீட்டில் கிடந்த சாக்லேட் பையைத் தடவியது. ஒன்றை உரித்து வாயில் போட்டால் தேவலாம் போல இருந்தது, போட்டுக்கொண்டார்.

"என்ன சத்தமுங்? ஒண்ணுமில்லீங், பேப்பருங்... சொல்லுங்ணா... நாளைக்கா?... காலேஜுப் பிள்ளைங்களுக்கா? ஓட்டுப் போடறது எப்படீன்னு நானாங் பேசோணும்?... இல்லீங்ணா, எனக்கு மேடையில நாக்கு பொரளாதுங். பிச்சுமணி சாரைக் கூப்புடுங்க... என்னது? போஸ்டர் போட்டாச்சுங்களா?... என்ற மொகத்தோடயா?"

நஞ்சப்பன் மிச்சச் சாக்லேட்டை மெல்லாமல் அப்படியே விழுங்கினார்.

"அண்ணா... பக்கத்துல யாராச்சும் இருக்கறாங்களா?... உங்க வீட்டு மீனாக்ஷி அக்காங்களா. சித்த வெளீல வாங்ணா... ஒண்ணுமில்லீங், சும்மாதான்... வந்துட்டீங்களா? கதவச் சாத்தீட்டீங்களா?... எனக்கு ஓட்டு இல்லீங்ணா... ஹலோ?... ஹலோ, இருக்கறீங்களா?... இல்லீங், லிஸ்ட்டுல பேரு விட்டுப்போகலீங். பேருன்னு ஒண்ணு இருந்தாத்தானுங்க விட்டுப்போகும்? நான் இன்னும் சிட்டிசனே ஆகலீங்... ஆமாங்... ஆமாங்ணா... அந்தக் கேக்குங்களா? வெட்டுனனுங். நானுந்தான் வெட்டுனேன்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் கோபாலசாமி, பிச்சுமணி என்று நாலைந்து பேர் ஒரே மாதத்தில் சிட்டிசன் ஆனார்கள். கோபாலசாமி வீட்டில் விருந்து. மேலே கொடி வரைந்த பெரிய கேக். உனக்கும் வந்திருக்குமே என்று யாரோ சொல்ல, நஞ்சப்பன் கையையும் பிடித்துக் கத்தியில் வைத்துவிட்டார்கள். அவருடையது வரவில்லை. வேலை மாறியதில் கிரீன் கார்டே தள்ளிப்போய்க் கிடந்த நேரம் அது. கூட வந்தவர்கள் எல்லாம் கரையேறிவிட்டார்கள், தான் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்ல முடியவில்லை, பிறகு சொல்வதற்கான நாளே வரவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாந்தானுங்... எப்படீங் சொல்றது? நீங்க எல்லாரும் சேர்ந்து ஊட்டி உடறீங்க, வாயி நெறையக் கேக்கு... சிரிக்காதீங்ணா... இல்லீங், நீங்க சிரிச்சாலும் பரவால்லீங். திட்டுனாலும் பரவால்லீங். அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துருங்... ஸ்டிக்கருங்களா?"

நஞ்சப்பன் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார்.

"ஓவியாவோடதுங். அவ இங்கயே பொறந்தவ, சிட்டிசனுங். இப்பத்தான் பதினெட்டு முடிஞ்சுது. மொத ஓட்டுங்ணா... நாந்தான் கூட்டிட்டுப் போனேன். வரிசையில அவகூடவே நின்னனுங். நெம்பப் பெரிய வரிசை. ஆளு நகர நகர நானும் நகந்து போறேன், பாக்கறவங்களுக்கு நானும் ஓட்டுப் போட வந்தவனாட்டத்தான் தெரியும். கதவுகிட்டப் போனதும், நான் கார்ல இருக்கறேன் கண்ணு, நீ போயிட்டு வான்னுட்டு வந்துட்டேன்... ஆமாங்... வந்து அந்த ஸ்டிக்கரை ஃபிரிட்ஜுல ஒட்டி வெச்சா. நான் அவ இல்லாதப்ப எடுத்து, சட்டையில ஒட்டி, போட்டோ எடுத்துட்டு, திருப்பி ஃபிரிட்ஜுலயே ஒட்டிப்போட்டேன்... கேவலந்தானுங். நீங்க சொல்லலைன்னாலும் கேவலந்தான்."

சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாகக் கடை வாசலைப் பார்த்தார். யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஓவியாவைக் காணோம்.

"அவளுக்கு எப்படித் தெரியும்னாங்... நேத்து சாயங்காலம் இன்டர்வியூவுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா. கேள்வியெல்லாம் அவ கேப்பா, நான் பதில் சொல்லோணும். எல்லாம் டக்கு டக்குனு சொல்லிட்டு வந்தனுங். அப்ப ஒண்ணு கேட்டா. 'எப்பவாச்சும் ஓட்டுப் போட்டிருக்கீங்களா? சிட்டிசன்னு சொல்லிக்கிட்டது உண்டா?'ன்னு... ஆமாங், அது ஃபாரத்துலயே இருக்குதுங். நான் 'நோ'ன்னேன், சத்தமா... அவ போனை எம்பக்கம் திருப்பி வெச்சா. உங்க பேஸ்புக் பக்கத்துல என்ற போட்டோ, பல்லைக் காட்டிட்டு நிக்கறேன்... யாரோ அவ ஃபிரண்டோட அம்மா அனுப்பியிருக்காங்க... இல்லீங், திட்டலீங். திட்டியிருந்தா வாங்கிக்கலாம். எந்திரிச்சுப் போயி, ஃபிரிட்ஜுல இருந்து அந்த ஸ்டிக்கரை எடுத்துட்டு வந்தா. அதுல என்ற சட்டை நூலு ஒட்டீட்டு இருக்குது, நீல நூலு. பாத்தா. பாத்துப்போட்டு என்ற போனுக்குப் பின்னால ஒட்டி உட்டுட்டா. 'இட்ஸ் ஓகேப்பா, யூ கீப் இட்'னா..."

இந்தப் போன்தான் அது. பேச ஆரம்பித்ததிலிருந்து அந்த ஸ்டிக்கர் அவருடைய உள்ளங்கைக்குள்தான் இருந்தது. மகள் கோபித்துக்கொண்டிருந்தால் அப்பன் என்கிற அதட்டலாவது மிஞ்சியிருக்கும். விட்டுக்கொடுத்துவிட்டாளே, அதுதான் அவரைக் கொன்றது.

"ஆமாங்... கேக்கறனுங்... ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கன்னா என்ன செய்யறதுன்னே தெரீலீங். திருப்பி அனுப்பிருவாங்களோன்னுகூட... ஆமாங்... அப்புடீங்களா?... பொண்ணு வெளையாட்டா அனுப்பிப்போட்டான்னா? என்ற போன்ல இருந்து?... ஆமாங், அவளும் எடுத்திருக்கலாம், யாருக்குத் தெரியும்... சின்னப் பிள்ளைதான, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க... ஹாலோவீனுக்குச் செஞ்ச குறும்புன்னு போட்டர்றீங்களா?... சரிங்ணா. நல்ல ரோசனைங். சரிங், சரிங்... அப்படியே டைப் பண்ணிப் போட்ருங்ணா. உங்க புண்ணியமாப் போகும்."

நஞ்சப்பனுக்கு மூச்சு வந்தது. கோபாலசாமி நல்ல மனுஷன், கேட்காமலே வழி சொல்லிவிட்டார். நாளைக் கூட்டத்துக்கும் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்.

அப்போது ஓவியா கடையிலிருந்து வெளியே வந்தாள். அரிசி மூட்டையை இடுப்பில் இடுக்கியிருந்தாள். காரைப் பார்த்ததும், உதவிக்கு வர வேண்டாம், நீங்கள் பேசுங்கள் என்பதுபோல் இன்னொரு கையை ஆட்டினாள். நஞ்சப்பனும் கையை ஆட்டினார். ஆட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணா! அண்ணா, டைப் பண்ணாதீங்... அனுப்பீட்டீங்களா?... அனுப்பலீல்ல? நல்லாப் பாத்துச் சொல்லுங்... வேண்டாமுங். அவ மேல போடாதீங்... தெரியுமுங், நானுந்தான் சரின்னேன். சரின்னது தப்புங்... பேசாம எடுத்தாப் போதும்னுதான் போனே பண்ணுனேன். ஆனா முந்நூறு பேரு பாத்தது, நாளைக்கு ஆராச்சும் ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. நீங்க ஒரு காரணம் சொல்லோணும். அது எப்படிச் சுத்துனாலும் அவ தலையிலதாங் வந்து உளுகும்... இல்லீங்ணா. நாலு கேள்வியும் மறுபடி கேளுங்க. சொல்றதை எழுதிக்கங்க... வெளையாடலீங். கேளுங்ணா, அவ வந்துட்டு இருக்கறா."

கோபாலசாமி கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். சுலபமானது என்று நினைத்திருக்கலாம்.

"ஹாலோவீனுங்களா? வேசம் போட்டுட்டு வாசலுக்கு வந்த தெருப்பிள்ளைங்க எல்லாருக்கும் பெரிய சாக்லேட்டாக் குடுத்தேன்னு எழுதுனேன்... பொய்யிங். வாசல் லைட்டை ஆஃப் பண்ணிப்போட்டு, உள்ளார இருட்டுல உக்காந்துட்டு இருந்தோம். பிள்ளைங்ககூட அப்பன்மாரும் வருவாங்க. வந்தா எலெக்சனப் பத்தி, ஆருக்குப் போடறீங்கன்னு கேப்பாங்க... ஆமாங். அதுக்குப் பயந்துட்டுத்தான்... அடுத்துங். வேண்டாம்னு விட்டது. சர்க்கரையை விட்டு மூணு மாசமாச்சுன்னு எழுதுனனுங்க. அப்பக் கேட்டீங்களே என்ன சத்தம்னு, அது சாக்லேட்டுப் பேப்பருங். ஹாலோவீனுக்கு வாங்குனது முழுப் பையும் மிச்சம், கார்லயே வெச்சுத் தின்னுட்டு இருக்கறேன்."

அந்தப் பக்கம் கோபாலசாமி பெரிதாகச் சிரித்திருக்க வேண்டும். நஞ்சப்பன் சிரிக்கவில்லை.

"கனவு வேலைங்களா?... இப்பப் பாக்கற வேலையேதான்னு எழுதுனனுங். அதுவும் பொய்யிங்... என்ன வேலைன்னா... சிரிக்கக் கூடாதுங்ணா. அந்த ஓட்டுப் போடற எடத்துல மேசையைப் போட்டு உக்காந்திருப்பாங்கல்ல? வர்றவங்க பேரைப் பாத்து, அங்க போங்கன்னு சொல்லிப்போட்டு, வெளீல வர்றப்ப ஸ்டிக்கர் குடுக்கறாங்களே. அந்த வேலைங்... கார்ல இருக்கறேன்னுட்டுப் போகலீங், கதவு சந்துல பாத்தனுங். ஒரு வயசானவரு ஓவியாவுக்குக் குடுத்தாரு. மொத ஓட்டான்னு கேட்டுட்டுக் கை தட்டுனாரு, உள்ளார இருந்தவங்க எல்லாரும் தட்டுனாங்க. நான் வெளீல நின்னு தட்டுனேன்... ஆமாங்... ஆமாங்ணா, எழுதுங்க."

பின்கதவு திறந்தது. ஓவியா அரிசி மூட்டையை உள்ளே போட்டாள். பேச்சை நிறுத்த நஞ்சப்பனுக்கு ஒரு நொடி கிடைத்தது. அவர் நிறுத்தவில்லை.

"மொதல் கேள்விங். எழுதிக்கங்க. 'நஞ்சப்பன் ஓட்டுப் போடவில்லை. அவருக்கு இன்னும் ஓட்டு இல்லை. சட்டையில் இருந்த ஸ்டிக்கர் அவர் மகள் ஓவியாவுடையது. கேட்காமல் எடுத்தார்.'... ஆமாங், கேட்காமல்னும் போடுங்க... இருக்கட்டுங்ணா. வியாழக்கிழமை அந்த ஆபீசர் கேட்டாலும் இதையேதான் சொல்றது. குடுத்தாக் குடுக்கட்டும், இல்லீன்னா இல்லை... நாளைக்குப் பேசறதுங்களா? அவளைக் கேக்கறனுங். ஓட்டுப் போட்டவ அவதான... போட்டோவுங்களா? வேற போட்டோ வேணுமா?"

ஓவியா முன்சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கறிவேப்பிலைப் பை. கேட்டதெல்லாம் அவள் முகத்தில் தெரிந்தது. நஞ்சப்பன் அவள் பக்கம் முழுதாகத் திரும்பவில்லை.

"கண்ணு, உன்ற போட்டோ கேக்கறாங்க. ஸ்டிக்கரோட... இருங்ணா, அது போன் பின்னாலதான் ஒட்டியிருக்குது, உரிச்சுக் குடுத்தர்றேன்... இருங், லைன்லயே இருங்..."

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். கிழிந்துவிடுமோ என்று மெல்ல மெல்ல உரித்ததில் கட்டைவிரல் திரையில் அழுந்தி, கோபாலசாமி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. ஸ்டிக்கர் முழுசாக வந்தது. நீல நூல் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைக் கிள்ளி எடுக்கப் போனார். ஓவியா அதற்குள் வாங்கி, நூலோடேயே தன் சட்டையில் ஒட்டி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"எடுங்கப்பா" என்றாள்.

நஞ்சப்பன் போனைத் தூக்கிப் பிடித்தார். திரையில் மகள் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால்தான் பார்க்க முடியவில்லை.