பக்கெட்டின் காது

டிராக்டர் முன்னால் மாட்டிப் பாரம் தூக்குகிற லோடர் பக்கெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்டைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு, ஐயா. பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தைப் பார்த்து மயங்கி வருகிற மாதிரி. பெயிண்ட் எங்கே கனமாகப் பூசியிருக்கிறதோ அங்கேதான் நகத்தை வைத்துச் சுரண்ட வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லாதவன் இரண்டு கை பூச மாட்டான்.

எங்கள் ஊரில் டிராக்டர் வைத்திருக்கிற யாரும் எசென்குல் இல்லாமல் தோக்மோக் சந்தைக்குப் போனதில்லை. எசென்குல் நான்தான். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் அங்கே மெக்கானிக்காக இருந்தேன். பண்ணை போய்விட்டது, கண் மட்டும் என்னோடு வந்துவிட்டது. சட்டைப்பையில் ஒரு சின்னச் சுத்தியல் எப்போதும் இருக்கும். பக்கெட்டின் வெட்டு விளிம்பில் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். பின் என்கிற இரும்பு முளை நுழைகிற இடத்தில் புஷ் வளையம் தளர்ந்திருந்தால் கிழவன் பல் மாதிரி ஆடும். இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். கடைசியில் பார்க்க வேண்டியது காது. பக்கெட்டின் முதுகில், மேல்பக்கம், ஹைட்ராலிக் தண்டு வந்து மாட்டுகிற இரும்புத் துண்டைத்தான் காது என்போம். பக்கெட்டை நிமிர்த்திப் பிடிப்பதே அதுதான். அது பிய்ந்தால் பக்கெட் தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எர்காஷ் நல்லவன். பக்கெட் செய்து விற்கிற அவனை ஊரே காறித் துப்புகிறது. அவன் கடைப்பக்கம் ஒருவரும் போவதில்லை. 'நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். யாரும் நம்பவில்லை. நீங்கள் நம்பலாம். அவன் சொன்னது உண்மை.

என் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூத்தவன் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். தகரப் பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. அதற்குப் பிறகு என் மனைவி ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. அடுத்த வசந்தத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியவள் மகள் பெர்மெத் ஒருத்திதான். இரண்டு தெரு தள்ளித்தான் கட்டிக்கொடுத்தேன். தினமும் சாயங்காலம் என் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்ப்பாள், வராவிட்டால் ஓடி வந்துவிடுவாள். அந்த ஓட்டத்துக்காக நான் சில நாள் வேண்டுமென்றே அடுப்பு பற்றவைக்காமல் இருந்திருக்கிறேன். தனியாக இருந்து பாருங்கள், ஐயா, புரியும்.

மருமகன் சிர்காக் பொல்லாதவன் இல்லை. ஆனால் அவனுக்கும் ரஷ்யா பித்துப் பிடித்தது. கசானில் வேலை பார்த்து வைத்திருந்தான். பெர்மெத்தையும் கூட்டிப்போவதாக இருந்தான். அவனைக் கட்டிப்போட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் அப்பா பாய்திக், என் சம்பந்தி, இடுப்பு விழுந்தவர். டிராக்டர் ஓட்டுவார், ஆனால் குளிர்காலத்து வைக்கோலைத் தொழுவத்துக் கூரைமேல் ஏற்ற அவரால் ஆகாது. அந்த வேலைக்கு மகன் வேண்டும்.

"ஒரு லோடர் வாங்கி மாட்டிட்டா அப்பா உக்காந்த இடத்துலயே எல்லாத்தையும் ஏத்திடுவாரு, மாமா. நாங்க நிம்மதியா கெளம்பிடலாம்" என்றான் சிர்காக். எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே சொன்னான். "லோடர் கையெல்லாம் பாத்தாச்சு. பக்கெட் மட்டும் நீங்க வந்து பொறுக்கித் தரணும்."

"வரேன் மாப்பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்வது?

எர்காஷ் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"வந்துட்டாருய்யா டாக்டரு! இன்னிக்கு எதுக்கு ஆபரேஷன்?"

"நோயாளியக் காட்டு மொதல்ல" என்றேன்.

மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. மஞ்சளைத் தட்டினேன், மணி மாதிரி கேட்டது. காதுக்குப் பின்னால் முட்டுத்தகடு வைத்து, வெல்டிங் மீன் செதில் அடுக்கினாற்போல் ஒரே சீராக ஓடியிருந்தது. குறை சொல்ல எனக்கே வழியில்லை. சிவப்பில் முட்டுத்தகடு இல்லை. காதோரம் பெயிண்ட் கட்டியாக இருந்தது. நகம் வைத்தேன், உரிந்தது. அடியில் வெல்டிங் மெழுகு வழிந்தாற்போல் மேலாக ஒட்டிக்கொண்டிருந்தது, இரும்பைக் கடிக்கவே இல்லை. ஈரவைக்கோல் இரண்டு மூன்று தடவை தூக்கினால் பிய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பிய்ந்தால் பாய்திக் லோடரை மூலையில் தள்ளிவிட்டு மகனைக் கூப்பிடுவார். இந்தக் குளிர்காலம் கழியும். அடுத்ததற்கு அப்போது வேறு வழி பார்க்கலாம்.

சிர்காக் கயிறு எடுக்கப் போன நேரத்தில் எர்காஷ் என் காதருகே வந்தான்.

"அண்ணே, சிவப்பு வேணாம். என் தம்பி கை பழகுறப்போ பத்தவச்சது. வெளியூர்க்காரன் தலையில கட்டலாம்னு வச்சிருக்கேன். உங்களுக்குத் தந்தா எனக்குப் பாவம். மஞ்சள எடுங்க."

"நம்ம டிராக்டருக்குச் சிவப்புதான் பொருந்தும். ஏத்து" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு ஏற்றினான். டாக்டர் சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். புது வண்டியோ மெஷினோ வீட்டுக்கு வந்தால் ஆடு அறுத்து அதன்மேல் ரத்தம் தொட்டு வைப்போம். பெரியவர் கை விரித்து ஆசி சொல்வார், எல்லோரும் முகத்தைத் தடவிக்கொள்வோம். அதற்குப் பிறகு அந்தப் பொருளை யாரும் தட்டிப் பார்க்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவன் வாயால்தான் கெடும் என்று நம்பிக்கை. அன்றைக்கு ரத்தத்தை அந்தக் காதின்மேலேயே வைத்தார்கள். நான் உரித்த இடம் அதோடு மறைந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. நல்ல காரியத்தில் பெண்கள் மிட்டாய் இறைப்பது பழசு. லோடர்கள் வந்த பிறகு எங்கள் ஊரில் அது கொஞ்சம் வளர்ந்துவிட்டது. வீட்டு மருமகளைப் பக்கெட்டில் ஏற்றிக் கூரை உயரத்துக்குத் தூக்குவார்கள், அவள் மேலிருந்து இறைப்பாள். எனக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். ஆனால் சந்தையில் அந்த நினைப்பு வரவில்லை. வந்து, நான்தான் தள்ளிவிட்டேனோ என்னவோ.

பெர்மெத் புதுத் தலைக்குட்டை கட்டிக்கொண்டு, மடி நிறைய மிட்டாயோடு வந்தாள். பக்கெட்டில் கால் வைக்கப்போனவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வேற யாராச்சும் வாங்கிருந்தா பயந்திருப்பேன்ப்பா. நீங்க பாத்ததாச்சே!"

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் ஆசி வாங்கிய பொருளுக்குக் குறை சொன்னவன் ஆவேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 'தெரிஞ்சே ஏன் வாங்கினே?' என்று ஊர் கேட்குமே, அதற்கு என்ன பதில்? பெர்மெத் கேட்டால்? அவளோ சிட்டுக்குருவி கனம். அவள் ஒருத்தியை அந்தக் காது தாங்கும். பார்த்த கணக்கில் அது சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

அதற்குள் கூட்டம் சிர்காக்கைக் கேலி செய்ய ஆரம்பித்தது.

"பொண்டாட்டிய மேல அனுப்பிட்டுக் கீழ நின்னு கொட்டாவி விடுறான் பாரு! ஏறுடா வீரா!"

அவனும் ஒரே தாவில் ஏறி நின்றான். இரண்டு ஆள் பாரம். இப்போது கணக்கு வேறு. நான் முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தேன், வைத்தது நிஜம். அந்த ஓர் அடியில் எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே வந்தேன். பிய்ந்தால் அவன் விழட்டும் என்று தோன்றியது. கூரை உயரம்தானே. ஒரு கால் முறிந்தால் போதும், கசானில் நொண்டிக்கு யார் வேலை தருவார்கள்? பெர்மெத் உள்பக்கமாக நிற்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது. நான் எடுத்து வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

"சம்பந்தி, கையத் தட்டுங்க!" என்று டிராக்டரில் இருந்த பாய்திக் கத்தினார். தட்டினேன்.

தூக்கினார். மிட்டாய் மழையாக விழுந்தது. உச்சிக்குப் போனதும், சந்தோஷத்தில் எல்லா டிரைவர்களும் செய்வதைப்போல அவரும் பக்கெட்டை ஒரு குலுக்குக் குலுக்கினார். காது பிய்கிற சத்தம் எனக்கு மட்டும்தான் தனியாகக் கேட்டிருக்கும். சிர்காக் லோடர் கையைப் பிடித்துத் தொங்கிவிட்டான், அவனுக்குக் கீறல்கூட இல்லை. பெர்மெத் மடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மிட்டாய் கொட்டிவிடக் கூடாதாம். பட்டியின் கல் சுவர்மேல் முதுகு படிய விழுந்தாள்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றார்கள். அவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை இல்லை, அதனால் என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். சிர்காக் சில மாதம் என் வீட்டு வாசலில் அழுதுகொண்டு கிடந்தான், பிறகு கசானுக்கே வேலைக்குப் போனான். ஊர் என்னைக் குறை சொல்லவில்லை. கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது, எர்காஷ் ஏமாற்றிவிட்டான் என்றார்கள். அவளைக் கட்டிலிலிருந்து ஜன்னலுக்குத் தூக்கி வைக்க ஒரு நாற்காலி செய்தேன். வெல்டிங் முழுக்க என் கை. முட்டுத்தகடெல்லாம் வைத்தேன். அதில் குறை கண்டுபிடிப்பவனுக்கு என் மீசையை எடுத்துக் கொடுக்கிறேன். காலையில் கஞ்சி ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். புகைபோக்கியைப் பற்றிய கவலை இப்போது எங்கள் இருவருக்கும் இல்லை. வேதனை இல்லை என்று சொல்லவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழும்போது எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஆனால் அழுகிற சத்தம் என் வீட்டில் கேட்கிறதே.

போன வாரம் சிர்காக் போன் செய்தான். கசானில் ஒரு மருத்துவர் படங்களைப் பார்த்தாராம். அறுவை சிகிச்சை செய்தால் அவள் நிற்க வாய்ப்பிருக்கிறது, ஊன்றுகோலோடு நடக்கக்கூட முடியலாம் என்றாராம். இந்த மாதக் கடைசியில் வந்து கூட்டிப்போகிறான். அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள்.

"நான் போறேன்ப்பா. நடக்க முடிஞ்சா நடந்தே வந்து உங்களப் பாக்குறேன்" என்றாள்.

எல்லாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மூத்தவனும் சொன்னான்.

அதனால்தான் ஐயா, இன்று காலையில் அவளைக் குளிப்பாட்டிப் பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். எர்காஷ் மேல் பழி இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே வாங்கினேன், தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனி இது வழக்காகிவிடும், இல்லையா? பெர்மெத்தான் முக்கிய சாட்சி. வழக்கு முடிகிறவரை சாட்சி நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் அவசரமே வேண்டாம், மெதுவாகவே நடத்துங்கள்.